ரைட்டரும் ஆதரும்

மேடையில் நாலு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பதில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இரண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன், பக்கத்தில் மகள் சுடர். முதல் வரிசைக்கு வாங்க சார் என்று வாசலில் ஒருத்தர் கூப்பிட்டார். பரவாயில்லைங்க என்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டால் போய்விடலாம் என்றுதான் அப்படிச் சொன்னது, அவர் கூப்பிடவில்லை, இப்போது அந்த இடத்தில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கோர்ட் வராண்டா, எங்கே போனாலும் ரைட்டர் சார், ரைட்டர் சார்தான். பரஞ்சோதி என்கிற பெயர் சர்வீஸ் புக்கில் மட்டும்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். அழுதுகொண்டே சொல்வார்கள், குடித்துவிட்டுச் சொல்வார்கள், மாற்றி மாற்றிச் சொல்வார்கள், எல்லாவற்றையும் வாங்கி ஒழுங்கான வாக்கியமாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த நூலகத்து மாடிப்படி ஏறி வந்ததிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நீங்க மேடத்தோட ஹஸ்பெண்டா என்று. ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க. மேடம். சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள், லேப் டெக்னீஷியன், வீட்டில் எனக்கு அரசி, அவள் எழுதிய கதைப் புத்தகத்தின் அட்டையில் மங்கையர்க்கரசி. வெறும் மங்கையர்க்கரசி. பின்னால் என் பெயர் இல்லை. முன்னால் ஒரு இனிஷியல்கூட இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சின்னத்தனமாக இருக்கும். கேட்காமலிருப்பது இன்னும் சின்னத்தனமாக இருக்கிறது, மூன்று வாரமாக.

அழைப்பிதழ் வந்த அன்றுதான் ஆரம்பித்தது. மேலே எல்லாம் தமிழ், கீழே ஓரத்தில் மட்டும் இங்கிலீஷில் ஒரு வரி, ஆதர் என்று போட்டு அவள் பெயர். இதென்ன ஆதர், ரைட்டர்னு போட்டா ஆகாதா, இந்த ஊர்க்காரனுக்குப் புரியுமே என்றேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். சுடர் திருச்சியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள், ரெண்டாம் வருஷம், அவளுக்கு எதையும் சிரித்துவிட்டுப் போகத் தெரியாது. "ரெண்டும் வேற வேறப்பா. ரைட்டர்னா எழுதுறவங்க. யாரோ சொல்லி எழுதினாக்கூட ரைட்டர்தான். ஆதர்னா அது அவங்ககிட்டேருந்து வந்தது, அவங்களோடது. ஏன் இப்படி எழுதினேன்னு கேட்டா அவங்கதான் பதில் சொல்லணும்." அப்புறம் என் தோளைத் தட்டிவிட்டு, "நீங்க ரைட்டர், அம்மா ஆதர். நம்ம வீட்ல ரெண்டும் இருக்கு, பாத்துக்குங்க" என்றாள். அரசி அடுப்படியில் இருந்து சிரித்தாள். அதில் தப்பாக ஒன்றும் இல்லை, சாதாரணச் சிரிப்பு, ஆனால் அது மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது, எத்தனை சோற்று உருண்டை விழுங்கியும் போகவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் பாரா நின்ற கான்ஸ்டபிளிடம், ஏம்ப்பா ஆதர்னா உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ஆதார் கார்டுங்களாய்யா என்றான். எனக்கு அவன்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. மத்தியானம் ரெக்கார்டு ரூமில் பழைய அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், சுடர் சொன்னது சரிதான், இன்னும் மோசமாகவே போட்டிருந்தது, உண்டாக்கியவர், கர்த்தா. அப்படியானால் பத்தொன்பது வருஷமாக நான் எழுதியதெல்லாம் யாருடையது? புகார் கொடுக்கிறவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன், கடைசியில் படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடி சரியாக இருந்தது என்று ஒரு வரியை நானே போட்டு அவர்களிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொள்கிறேன். சுடர் கணக்குப்படி அவர்கள்தான் ஆதர். பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். அகராதியை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மேடையில் பதிப்பாளர் பேச வந்துவிட்டான். இளம்பரிதி. முப்பது வயதிருக்கும், தாடி, கதர் ஜிப்பா, நன்றாகத்தான் பேசுகிறான். "மங்கை அக்காவோட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாங்க சண்டை போட்டிருக்கோம்" என்கிறான், கூட்டம் சிரிக்கிறது, அரசியும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். மங்கை அக்கா. நான் அறியாத பெயர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அரசி என்பதைத் தாண்டிப் போகவில்லை, இவன் எட்டு மாதத்தில் பெயரின் மறு பாதியை எடுத்துக்கொண்டான். இவன்மேல் அப்படியெல்லாம் சந்தேகம் கிடையாது, இவன் அவளுக்குத் தம்பி மாதிரி, அது எனக்குத் தெரியும். நான் பொறாமைப்படுவது இவன் ஆம்பளை என்பதற்காக இல்லை. சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போவாள், அந்த இடத்துல கமா வேணாம் பரிதி, மூச்சு விட்ற எடம் அது இல்ல என்பாள். நான் உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். மூச்சு விடுகிற இடம். என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே, நானும் வாக்கியம் எழுதுகிறவன்தானே. மேற்படி நபர் மேற்படி இடத்தில் மேற்படி நேரத்தில் என்று நான் எழுதினால் அதில் மூச்சு விட இடமே இருக்காது, அது எனக்கும் தெரியும், அப்படி எழுதச் சொல்லித்தான் பழக்கினார்கள். முதல் வருஷம் ஒரு புகாரில் அந்தப் பெண் விம்மி அழுதாள் என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அழுதது எந்த செக்ஷன்ய்யா என்றார். அன்றைக்கு விட்டதுதான். அரசிக்கு அப்படி அடிக்க யாரும் இல்லை, அவளுக்கு அழுகையெல்லாம் அழுகையாகவே அச்சாகிறது.

அவள் இப்போது யாரைத் தேடுகிறாள்? மேடையிலிருந்து கண் வரிசை வரிசையாகப் போகிறது. என்னைத்தான் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன், அது என்னைத் தாண்டிப் பின்னால் போய் ஓரிடத்தில் நின்று சிரித்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஐந்தாவது வரிசையில் பூவாயி. மஞ்சள் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, மடியில் ஒரு துணிப்பை. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க மாதாமாதம் சுகாதார நிலையத்துக்கு வருகிறாளாம், அரசியோடு பழக்கமாகிவிட்டதாம், உங்க கத ஒண்ண எழுதியிருக்கேன், வந்து கேளுங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். நேற்றுதான் என்னிடம் சொன்னாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, சாதாரணமாக. பூவாயி வர்றாங்க, உங்கள அடையாளம் தெரியும்ல அவங்களுக்கு என்றாள். தெரியும் என்றேன். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். பூவாயி கேட்டால் என்ன கேட்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள், ஆறு வருஷம் ஆகிவிட்டது, மறந்திருப்பாள். சுடர் என் கையைத் தொட்டு, "என்னப்பா, வேர்க்குது உங்களுக்கு" என்றாள். ஃபேன் சரியில்லம்மா என்றேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது.

பூவாயி புருஷன் பெயர் வெள்ளைக்கண்ணு. ஊர்க் குளத்து மீன் குத்தகையில் மூன்று பேரோடு பங்கு, பங்கில் தகராறு, ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுப் போனவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பூவாயி ஸ்டேஷனுக்கு வந்தாள். நான்தான் எழுதினேன். வயசு, நிறம், உயரம், கட்டியிருந்த வேட்டி, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். வேற ஏதாவது சொல்லணுமாம்மா என்றேன். "அவருக்குத் தண்ணின்னா பயங்கய்யா. கொளத்துப் பக்கமே எறங்க மாட்டாரு. கரையில நின்னு கணக்குப் பாக்குறதோட சரி, குளிக்கிறதெல்லாம் பைப்படியில வாளிய வச்சுத்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் குத்தகைக்காரனுக்குத் தண்ணீர் பயம். அன்றைக்கு மந்திரி வருகிறார் என்று பந்தோபஸ்துக்கு ஆள் பிரித்துப் போட வேண்டியிருந்தது, கடைசி வரிக்கும் ரேகைக்கும்தான் பக்கத்தில் இடம் இருந்தது, இன்னொரு தாள் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்த வரியை எழுதவில்லை. கடகடவென்று படித்துக்காட்டினேன், ரேகை வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அரசியிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அத எழுதிக்கிட்டீங்களா?" என்றாள். எழுதினேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் கேட்ட விதத்தில் எழுதவில்லை என்று சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை பிணம் குளத்தில் மிதந்தது. குளிக்கப் போனவர் தவறி விழுந்து இறந்தார் என்று முடித்தார்கள், நான் எழுதியும் எடுபடவில்லை என்று அரசி நினைத்துக்கொண்டாள். பூவாயி இன்ஸ்பெக்டர் ரூமில் நின்று, அவரு தண்ணியில எறங்கவே மாட்டாருங்கய்யா என்று கத்தினாள். இப்ப வந்து சொல்றியேம்மா, கம்ப்ளெய்ண்ட்ல இல்லையே என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லலையாங்கய்யா?" அதட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு, சொன்ன மாதிரி ஞாபகம் இல்லம்மா என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பொத்திய கையை நான் எவ்வளவோ தடவை பார்த்துவிட்டேன், பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, ஒரு தடவை அரசியின் கையிலேயே.

இப்போது அரசி மைக் முன்னால் நிற்கிறாள். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கதையோட கடைசிப் பகுதிய மட்டும் வாசிக்கிறேன் என்கிறாள். எந்தக் கதை என்று எனக்குத் தெரியும். புத்தகம் வந்த அன்று, அப்புறம் படிக்கிறேன் என்று மேசையில் போட்டுவிட்டு, மறுநாள் லஞ்ச் பாக்ஸோடு எடுத்துப் போய் ரெக்கார்டு ரூமில் நின்றுகொண்டே படித்தேன். கதையில் ஒரு ரைட்டர் வருகிறார். பெயர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார், அது என் பழக்கம். ஒரு பெண் வந்து தன் புருஷனுக்குத் தண்ணீர் பயம் என்கிறாள். அரசி வாசிக்கிறாள்: "பக்கம் முடிந்திருந்தது. அவர் இன்னொரு தாளை எடுத்தார். பேனா சரியாக எழுதவில்லை, உதறிக்கொண்டார். சொல்லும்மா, தண்ணின்னா பயம், அப்புறம் என்றார்." அந்த ஒரு வரியால்தான் கதையில் வழக்கு நிற்கிறது, மூன்று பேரும் பிடிபடுகிறார்கள். அரசி அந்த இடத்தை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறாள். இவளுக்கு அந்த ஆளை இவ்வளவு பிடிக்கிறதா? பெயர் இல்லாத அந்த ரைட்டரை? என் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தாளை எடுக்கிற அவனை? இளம்பரிதிமேல் வந்ததெல்லாம் பொறாமையே இல்லை. அட்டையில் என் பெயர் இல்லை என்று வந்ததும் இல்லை. நிஜமான பொறாமை இதுதான். அவள் என்னை வைத்து என்னைவிட நல்லவனாக ஒருத்தனைச் செய்து, அவனோடு எட்டு மாதம் வராண்டாவில் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவனை நம்பித்தான் எனக்குச் சட்டை இஸ்திரி போட்டிருக்கிறாள். அவனுக்குத் தாளை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது, ஒரு நொடி. எனக்கும் அதே ஒரு நொடிதான் இருந்தது.

கைதட்டல். தட்டுகிறேன், சுடரும் தட்டுகிறாள், கண் கலங்கியிருக்கிறாள் பிள்ளை, "அப்பா, அது நீங்கதானே" என்கிறாள். டீ சாப்பிட்டுட்டு வரலாம், பத்து நிமிஷம் என்று மைக்கில் சொல்கிறார்கள். நாற்காலிகள் நகர்கிற சத்தம். எழுந்து கீழே போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், போனைக்கூட எடுத்துக் காதில் வைத்தேன், எதிர்த்தாற்போல் மஞ்சள் சேலை வந்து நின்றது. கும்பிட்டாள். எனக்குக் கும்பிடு போட்டாள். "ரைட்டரய்யா, நல்லாருக்கீங்களா? நர்சம்மா வாசிச்சதக் கேட்டேன்" என்றாள். சுகாதார நிலையத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் அவளுக்கு நர்சம்மாதான். "அது கதைம்மா" என்றேன். "கதைதான்னு சொன்னாங்கய்யா. ஆனா அதுல அந்தப் பொம்பள சொல்லுதே. நான் சொல்லலையேய்யா. ஆறு வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன், நர்சம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. பங்குக்காரங்க அத்தன பேரு பேரையும் வேட்டிக் கரையையும் சொல்லத் தெரிஞ்சவளுக்கு அந்த ஒண்ணு எப்படி வாயில வராமப் போச்சுன்னு. எம் மகன்கூடச் சண்ட வந்தா நீதானம்மா விட்டுட்டங்கிறான். நான் விட்டத நர்சம்மா எப்படி எழுதுனாங்க? அவங்களுக்கு யாரு சொன்னா?"

யார் சொன்னது. நான் சொன்னது. கீரை ஆயும்போது, சிரித்துக்கொண்டே. இல்லம்மா, அவங்க கற்பனையா எழுதினது என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது, ஒழுங்கான வாக்கியம், யாரும் சந்தேகப்பட முடியாத வாக்கியம், இந்த மாதிரி ஆயிரம் எழுதியிருக்கிறேன். அதைச் சொன்னால் இன்றைக்கு வீட்டுக்குப் போய் அரசியோடு சாப்பிடலாம், சுடருக்கு அப்பாவாகவே இருக்கலாம். ரிட்டயர் ஆக நாலு வருஷம். நடந்ததைச் சொன்னால் சார்ஜ் மெமோ, விசாரணை, பென்ஷனே சிக்கலாகும். பூவாயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாதிரியே, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

"சொன்னீங்க" என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "நீங்க சொன்னீங்கம்மா. தண்ணின்னா பயம்னு சொன்னீங்க. பைப்படியில குளிப்பாருன்னும் சொன்னீங்க. நான்தான் எழுதல. அப்பறம் நீங்க கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன்." சுடர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். பூவாயி திட்டுவாள் என்று பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேடைப் பக்கம் திரும்பி, டீ டம்ளரோடு இறங்கி வந்துகொண்டிருந்த அரசியைப் பார்த்து, ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பும்படி கத்தினாள். "நர்சம்மா! நான் சொல்லியிருக்கேனாம்! நான் விடலையாம்! வாயத் தொறந்து சொல்லியிருக்கேனாம்!" சொல்லிவிட்டு அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்து, துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அரசி பக்கத்தில் வந்து நின்றாள். "எழுதினேன்னு சொன்னீங்களே" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "ஆமா அரசி. எழுதல." அவள் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். இன்னொரு கையில் புத்தகம் இருந்தது, அதன் அட்டையை ஒரு தடவை துடைத்தாள். "முன்னூறு காப்பி அச்சடிச்சாச்சே" என்றாள்.

பூவாயிதான் முதலில் தெளிந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றாள் என்னிடம், வேலைக்காரனிடம் கேட்கிற மாதிரி. எஸ்.பி. ஆபீசில் மனு கொடுக்கலாம், வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், நீங்க சொன்னத நான் விட்டுட்டேன்னு எங்கையாலயே எழுதி என் பேரப் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன், அதோட நீங்களும் வரணும் என்றேன். எடுப்பாங்களா என்றாள். தெரியலம்மா, ஆறு வருஷம் ஆச்சு, எடுக்காமலும் போகலாம் என்றேன். "நாளைக்கா?" "நாளைக்குத்தான். பத்து மணிக்கு ஆபீஸ் தொறப்பாங்க." "அப்ப நான் ஏழு மணிக்கே வந்து உக்காந்துருவேன். எங்கூருக்கு காலையில அந்த ஒரு பஸ்ஸுதான்" என்றாள். "நேரா நம்ம வீட்டுக்கு வந்துருங்க, சாப்ட்டுட்டுப் போலாம். நானும் வர்றேன்" என்றாள் அரசி. பூவாயியைப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டு பேரும் எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எந்தத் தெரு, கோயிலைத் தாண்டி வலதா இடதா என்று பேசிக்கொண்டே படியிறங்கினார்கள், சுடரும் அவர்கள் பின்னால் போனாள். நான் கடைசியாக இறங்கினேன்.